ஒரு வீட்டுக்கு எத்தனை தாள்? கட்டட வரைபடம் அடுக்கடுக்காகப் பிரிந்த கதை



என்னிடம் படித்தவர்களில் இன்று சிவில் இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள், ஐ.டி.ஐ. முடித்த டிராஃப்ட்ஸ்மேன்கள் இருக்கிறீர்கள், சொந்தமாக கன்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர்களும் இருக்கிறீர்கள். நம் உறவிலேயே இப்போது மூன்று குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கின்றன. "பிளான் எப்படி இருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். நான் கட்டடம் படித்தவள் இல்லை. ஆனால் வரலாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது பழகிப்போன வேலை. வந்த பிளான்களில் ஒன்று ஒரே தாளில் சுவர், தூண், சுவிட்ச், தண்ணீர்க் குழாய், செப்டிக் டேங்க் எல்லாம் சேர்ந்து கோலம் போல இருந்தது. இன்னொன்று பதினோரு தாள். ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பெட்டி, எண், தேதி, கையெழுத்து. இந்த இரண்டாவது பழக்கம் எங்கிருந்து வந்தது? இன்றைய பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கல்லிலும் தோலிலும்

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் குடேயா என்ற மன்னனின் கற்சிலை இருக்கிறது. மெசபடோமியாவின் லகாஷ் நகரை ஆண்டவன், காலம் ஏறக்குறைய கி.மு. 2100. உட்கார்ந்திருக்கும் அவன் மடியில் ஒரு பலகை, அதில் ஒரு கோயில் வளாகத்தின் தரைப்படம் செதுக்கப்பட்டிருக்கிறது. கட்டுவதற்கு முன் வரைய வேண்டும் என்ற எண்ணம் நாலாயிரம் ஆண்டுப் பழசு என்பதற்கு அந்த மடியே சாட்சி.

அடுத்து சுவிட்சர்லாந்துக்கு வாருங்கள். செயின்ட் கால் மடாலய நூலகத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் வரைந்த ஒரு வரைபடம் இருக்கிறது. ஐந்து தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, அதன் மேல் ஒரு முழு மடாலயத்தையே வரைந்திருக்கிறார்கள். தேவாலயம், சமையலறை, மருத்துவமனை, கோழிக் கொட்டகை என்று நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். இதில் நான் கவனித்தது ஒன்று. கட்டடக் கோடுகள் சிவப்பு மையில், விளக்க எழுத்துகள் கருமையான மையில். தாள் ஒன்றுதான். ஆனால் பார்ப்பவர் குழம்பாதபடி இரண்டு வகைச் செய்திகளை நிறத்தால் பிரித்துவிட்டார்கள். இன்று கம்ப்யூட்டரில் நீங்கள் லேயர் என்று சொல்வதன் விதை இதுதான்.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் யார்க், வெல்ஸ் ஆகிய இரு பேராலயங்களிலும் இடைக்காலக் கல்தச்சர்கள் பயன்படுத்திய வரைதளங்கள் இன்றும் உள்ளன. ஓர் அறையின் தரை முழுக்கச் சுண்ணச்சாந்து பூசி, அதன் மேல் கவராயத்தாலும் ஊசியாலும் கீறி, சன்னல் வளைவுகளை உண்மை அளவிலேயே வரைவார்கள். வேலை முடிந்ததும் அதே தரையில் அடுத்த வேலையின் வரைபடம். இன்று பார்த்தால் கோட்டின் மேல் கோடு, வளைவின் மேல் வளைவு. வரைந்தவருக்கு மட்டும் எது எதுவென்று தெரியும். அவர் போனபின் அது புதிர்.

நகல் எடுத்த கைகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பிரெஞ்சுக் கணித மேதை காஸ்பார் மோன்ஜ், முப்பரிமாணப் பொருளைத் தாளில் துல்லியமாகக் காட்டும் விவரிப்பு வடிவியலை உருவாக்கினார். கோட்டை கட்டும் கலைக்குப் பயன்படும் என்பதால் முதலில் அதை இராணுவ ரகசியமாக வைத்திருந்தார்கள். பிறகு 1795இல் பாரிஸில் ஆசிரியர் பயிற்சிக்கான கல்லூரியில் அவர் அதை வெளிப்படையாகக் கற்பித்தார். ஆசிரியர் பயிற்சி முடித்த எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. பிளான், எலிவேஷன், செக்‌ஷன் என்று ஒரே கட்டடத்தைப் பல பார்வைகளில் பிரித்து வரைவதற்கு அது உறுதியான கணித அடித்தளம் தந்தது.

பல படங்கள் என்றதும் பல நகல்கள் தேவைப்பட்டன. கொத்தனாருக்கு ஒன்று, தச்சருக்கு ஒன்று, இரும்பு வேலைக்காரருக்கு ஒன்று. அப்போது ஜெராக்ஸ் ஏது? மூலப்படத்தின் மேல் மெல்லிய தாளையோ மெழுகிய துணியையோ விரித்து, ஒவ்வொரு கோட்டையும் மீண்டும் மையால் இழுக்க வேண்டும். இதற்கென்றே ட்ரேசர்கள் இருந்தார்கள். பிரிட்டனின் கப்பல் கட்டும் தளங்களிலும் பொறியியல் அலுவலகங்களிலும் இந்த வேலையைப் பெரும்பாலும் இளம்பெண்கள் செய்தார்கள். படத்தின் கீழே பொறியாளர் பெயர் இருக்கும். நாம் இன்று பார்த்து வியக்கும் அந்த ஒரே சீரான கோடும் எழுத்தும் பல நேரம் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் கைவண்ணம்.

நீலம் வந்தது

1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய வானியலாளர் ஒரு வேதியியல் வித்தையைக் கண்டுபிடித்தார். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகன் இவர். இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துத் தாளில் தடவிக் காயவைக்க வேண்டும். அதன் மேல் வரைபடம் உள்ள மெல்லிய தாளை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். ஒளி பட்ட இடம் நீலமாகும், கோடு மறைத்த இடம் அப்படியே இருக்கும். தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளைக் கோடு. 1870களில் கட்டட அலுவலகங்களுக்குள் இது நுழைந்தது. "புளூபிரிண்ட்" என்று நாம் எதற்கெல்லாமோ சொல்கிறோமே, அந்தச் சொல் பிறந்த இடம் இது. பிற்காலத்தில் அதன் இடத்தைப் பிடித்தது அமோனியா பிரிண்ட். அந்த நெடி மூக்கில் ஏறியவர்கள் மறக்க மாட்டீர்கள்.

இதில் இரண்டு சிக்கல்கள் வந்தன. இரண்டுமே இன்றைய பிளானில் தழும்பாக நிற்கின்றன.

ஒன்று, நீலத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பதால் தாள் கொஞ்சம் சுருங்கும். அதில் ஸ்கேல் வைத்து அளந்தால் அளவு பிசகும். "படத்தை அளக்காதே, எழுதியிருக்கும் அளவையே பின்பற்று" என்று பிளானின் ஓரத்தில் இன்றும் ஒரு குறிப்பு இருக்கும், பாருங்கள். சுருங்கிய தாள்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

இரண்டாவது, நகல் மலிவானதும் பழைய நகல்களும் பெருகின. திருத்தம் செய்தது அலுவலகத்தில். ஆனால் சைட்டில் மேஸ்திரியின் கையில் இருப்பதோ மூன்று மாதத்துக்கு முந்தைய நகல். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் மாடிப்படியைக் கட்டி, இடித்து, மறுபடியும் கட்டினார்கள். காரணம் இதுதான். இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு தாளிலும் எண், தேதி, வரைந்தவர், சரிபார்த்தவர், எத்தனையாவது திருத்தம் என்று எழுதும் கட்டம் கட்டாயமாயிற்று. அதைத்தான் டைட்டில் பிளாக் என்கிறீர்கள்.

தாளுக்கும் ஒரு கணக்கு

ஒரே மாதிரிக் கட்டம் வேண்டுமானால் ஒரே மாதிரித் தாள் வேண்டும். 1922இல் ஜெர்மனியில் வால்டர் போர்ஸ்ட்மான் என்பவரின் முயற்சியால் தாள் அளவுக்கு ஒரு தரம் வந்தது. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், அளவு 841க்கு 1189 மில்லிமீட்டர். அதைப் பாதியாக மடித்தால் ஏ1, மறுபடி மடித்தால் ஏ2. எத்தனை முறை மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. அந்த விகிதம் ஒன்றுக்கு இரண்டின் வர்க்கமூலம். "வர்க்கமூலத்தைப் படித்து வாழ்க்கையில் என்ன பயன் டீச்சர்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு இதோ பதில். பெரிய தாளில் வரைந்த படத்தை வெட்டாமல், நீட்டாமல், அப்படியே சிறிய தாளுக்குக் குறைக்க முடிவது அந்த வர்க்கமூலத்தால்தான். இந்தத் தரம் பிறகு உலகத் தரமாகி, நம் நாட்டுக்கும் வந்தது. அமெரிக்கர்கள் இன்றும் அங்குலத் தாளை விடவில்லை.

தாளைப் போலவே நிறத்துக்கும் விதி வந்தது. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதலில் 1970இல் வெளியானது. அனுமதிக்குக் கொடுக்கும் பிளானில் எதற்கு என்ன நிறம் என்று அது வரையறுத்துச் சொல்கிறது. புதிதாகக் கட்டுவது சிவப்பு, இடிக்கப்போவது மஞ்சள் சாய்கோடு, கழிவுநீர் சிவப்புப் புள்ளிக்கோடு, குடிநீர் மெல்லிய கறுப்புப் புள்ளிக்கோடு. செயின்ட் கால் வரைபடத்தில் செய்ததையே சட்டமாக எழுதிவைத்தது போலத்தான்.

ஊசியில் கோத்த தாள்கள்

கட்டடங்கள் பெரிதானதும் ஒரு தாளில் நிறம் மாற்றிச் சமாளிக்க முடியவில்லை. ஏசி குழாய், லிஃப்ட், தீயணைப்பு, தொலைபேசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறியாளர் வந்தார். எல்லோருக்கும் அடிப்படை ஒன்றே, அதே தூண்களும் அதே சுவர்களும்தான். ஒவ்வொருவரும் அதைத் திரும்பத் திரும்ப வரைந்தால் நேரம் வீண், பிழையும் பெருகும்.

அடிப்படையை ஒரு தாளில் வரைந்து, மற்றவற்றைத் தனித்தனி ஒளிபுகும் தாளில் வரைந்து, மேலே மேலே வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். தோன்றியது. ஆனால் தாள் ஈரக்காற்றில் விரியும், வெயிலில் சுருங்கும். ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது. 1950களில் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த மைலார் என்ற பாலியஸ்டர் படலம் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அது எளிதில் சுருங்காது, கிழியாது. வரிசையாக ஊசிகள் பதித்த ஒரு பட்டையைப் பலகையின் விளிம்பில் பொருத்துவார்கள். படலத்தின் ஓரத்தில் அதே இடைவெளியில் துளை போட்டு அந்த ஊசிகளில் மாட்டினால், எத்தனை படலம் வைத்தாலும் இம்மி பிசகாது.

1970களில் பெரிய அலுவலகங்களில் இந்த முறை பரவியது. அடியில் சுவர்ப்படம், அதன் மேல் மின்சாரப்படம். இரண்டையும் சேர்த்து நகல் எடுத்தால் மின்சாரத் தாள். மின்சாரத்தை எடுத்துவிட்டுக் குழாய்ப்படத்தை வைத்தால் பிளம்பிங் தாள். சுவர்களை வெளிறிய நிறத்திலும் அந்தத் தாளுக்குரிய வேலையை அழுத்தமாகவும் அச்சடித்தார்கள். டைட்டில் பிளாக்கும் எல்லையும் தனியாக ஒரு படலம், அது எல்லாத் தாளுக்கும் பொது. லேயரும் டெம்ப்ளேட்டும் கம்ப்யூட்டருக்கு முன்பே கையில் பிடிக்கும் பொருளாக இருந்தன.

பள்ளியில் நாம் செய்ததும் இதுதானே? இந்திய வரைபட ரப்பர் ஸ்டாம்பை நோட்டில் குத்துவோம். ஒரு பக்கத்தில் ஆறுகள், அடுத்ததில் மண்வகைகள், அதற்கடுத்ததில் ரயில்பாதைகள். ஸ்டாம்ப் ஒன்று, பாடம் பல. ஸ்டாம்பைச் சாய்வாகக் குத்தியவன் கன்னியாகுமரியை எங்கே கொண்டுபோய் வைத்தான் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

திரைக்குள் போன அடுக்குகள்

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் வரையலாம். அதில் ஓர் அருமையான யோசனை இருந்தது. ஒரு மூலப்படத்தை வரைந்துவிட்டு அதன் பிரதிகளை வேண்டிய இடத்தில் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் எல்லாம் தாமாகத் திருந்தும்.

1982இன் இறுதியில் ஆட்டோகேட் வந்தது. சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே வரையலாம், சிறிய அலுவலகமும் வாங்கலாம். லேயர் என்ற சொல் எல்லா டிராஃப்ட்ஸ்மேன் வாயிலும் நுழைந்தது. ஆனால் ஊசிப்பட்டையில் ஏழெட்டுப் படலம் இருந்த இடத்தில், இங்கே எத்தனை லேயர் வேண்டுமானாலும் திறக்கலாம், என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். ஒருவர் சுவரை "வால்" என்பார், இன்னொருவர் "பிரிக்" என்பார், மூன்றாமவர் தன் பெயரையே வைத்துவிடுவார். ஓர் அலுவலகத்தின் ஃபைலை இன்னோர் அலுவலகம் திறந்தால் யார்க் பேராலயத்தின் தரையைப் பார்த்த கதைதான்.

இதைச் சீர்படுத்த 1990இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் லேயர்களுக்குப் பெயரிடும் நெறிமுறையை வெளியிட்டது. முதல் எழுத்து துறையைச் சொல்லும்: கட்டடக்கலைக்கு ஏ, கட்டமைப்புக்கு எஸ், மின்சாரத்துக்கு ஈ, பிளம்பிங்குக்கு பி. அடுத்தது பொருளைச் சொல்லும்: சுவர், கதவு, விளக்கு. புதியதா, இருப்பதா, இடிப்பதா என்பதற்கும் ஓர் எழுத்து. பெயரைப் படித்தாலே லேயரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். 1998இல் இதற்கு ஒரு சர்வதேசத் தரமும் வந்தது, எண் ஐ.எஸ்.ஓ. 13567.

தாள்களின் எண்ணுக்கும் இப்படியே ஓர் ஒழுங்கு. அமெரிக்கத் தேசியத் தரத்தில் ஏ-101 என்றால், ஏ துறை, அடுத்த 1 தரைப்படம், கடைசி 01 அதில் முதல் தாள். 2 என்றால் எலிவேஷன், 3 என்றால் செக்‌ஷன், 5 என்றால் நுணுக்கப் படங்கள். இருநூறு தாள் கட்டிலும் வேண்டியதை உடனே எடுக்கலாம். நூலகத்தில் புத்தகத்துக்கு எண் போடுகிறோமே, அதே தத்துவம்.

அதே 1990இல் ஆட்டோகேட்டில் இரண்டு வசதிகள் வந்தன. ஒன்று, ஒரு ஃபைலை இன்னொன்றில் நகல் எடுக்காமல் இணைப்பாக மட்டும் வைப்பது. சுவரைத் திருத்தினால், அந்தச் சுவர்ப்படத்தை இணைத்திருக்கும் எல்லாத் தாள்களிலும் திருத்தம் தெரியும். மற்றது, கட்டடத்தை உண்மை அளவில் ஓரிடத்திலும் அச்சிடும் தாளை வேறிடத்திலும் வைப்பது. தாள் என்பது கட்டடத்தைப் பார்க்கும் சன்னல் ஆயிற்று. சன்னலின் சட்டம்தான் டெம்ப்ளேட். ஒவ்வொரு சன்னலுக்கும் எந்த லேயர் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லிவிடலாம். 2003 முதல் பி.டி.எஃப். ஃபைலுக்குள்ளும் லேயர்கள் வைக்க முடிகிறது.

114 பேர்

இத்தனை ஒழுங்கும் எதற்கு? தாள் அழகாக இருக்கவா? இல்லை. இந்த நிகழ்வைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்ஸி என்ற ஓட்டல். 1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை மாலை. முன்கூடத்தில் நடன நிகழ்ச்சி. மேலே இரும்புக் கம்பிகளில் தொங்கும் நடைபாலங்கள். நான்காம் தளப் பாலத்துக்கு நேர்கீழே இரண்டாம் தளப் பாலம். இரண்டும் கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

முதலில் வரைந்தபடி, ஒரே நீளக் கம்பி கூரையிலிருந்து இறங்கி இரண்டு பாலங்களையும் தாங்க வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு மரை போட்டுப் பொருத்துவது கடினம் என்று, இரும்பு வேலை செய்தவர்களின் வரைபடத்தில் அது இரண்டு கம்பிகளாக மாறியது. கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒன்று, மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு ஒன்று. தாளில் பார்த்தால் சிறிய மாற்றம். விளையாட்டு மைதானக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கோர் இடத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கலாம். மேலே இருப்பவன் காலைக் கீழே இருப்பவன் பிடித்துத் தொங்கினால், மேலே இருப்பவன் கை இருவரையும் தாங்க வேண்டும். மேல்பாலத்தின் இணைப்பில் சுமை அப்படித்தான் இரண்டு மடங்கானது. மூல வடிவமும் விதிப்படிப் போதிய வலு உடையதாக இல்லை என்று பிறகு நடந்த அரசு ஆய்வு சொன்னது. ஆனால் அந்த மாற்றம்தான் கதையை முடித்தது. மாறிய வரைபடத்தில் பொறியாளர் அலுவலகத்தின் முத்திரை இருந்தது. மாற்றத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பொறியாளர்களின் உரிமத்தை மிசௌரி மாநிலம் பறித்தது.

தாள் இருந்தது, எண் இருந்தது, முத்திரையும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். "இது ஏன் மாறியது?" என்ற கேள்வி.

இதனால்தான் டெம்ப்ளேட் போடும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். "சரிபார்த்தவர்" என்ற பெட்டியை டெம்ப்ளேட்டே நிரப்பும்படி ஒருபோதும் வைக்காதீர்கள். எல்லை, எண், எழுத்தின் அளவு, கோட்டின் தடிமன் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளட்டும். நம் மூளை வேறு வேலைக்கு மிச்சமாகும். அந்தப் பெட்டியில் மட்டும் ஒரு மனிதர் முழுப் படத்தையும் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும். திருத்தப் பட்டியலில் "திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதாமல், எது மாறியது, ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். விடைத்தாளில் விடை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான், வழியையும் எழுத வேண்டும் என்று சொல்வேனே, அதேதான் இது.

வீடு கட்டும் உறவினர்களுக்கும் நாலு வார்த்தை. சுவர்ப்படம், தூண் கம்பிப்படம், மின்சாரம், குழாய் என்று தனித்தனித் தாள் கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் பணம் ஆனாலும் கேளுங்கள். புதிய தாள் வந்த அன்றே பழைய தாளின் குறுக்கே பெரிதாகக் கோடு போட்டு, சைட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கம்பி கட்டுவதற்கு முன் மேஸ்திரி கையில் இருக்கும் தாளின் தேதியையும் உங்கள் கையில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. மின்சாரத் தாளையும் தூண் தாளையும் சன்னல் வெளிச்சத்தில் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். தூணுக்குள் சுவிட்ச் பெட்டி வந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள், உங்கள் அலுவலகத்தில் லேயருக்கு எப்படிப் பெயர் வைக்கிறீர்கள், மைலாரிலும் ட்ரேசிங் ஷீட்டிலும் வரைந்த மூத்தவர்கள் யாராவது உங்களுக்குச் சொன்னது என்ன என்று எழுதுங்கள். இளையவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள். கட்டுகிற வீடுகள் நூறாண்டு நிற்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்